வேட்பாளர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசியல் கட்சிகளின் தலைவர்களுக்கும், வேட்பாளர்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

இளைஞர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று மேடைதோறும் அழைக்கிறீர்கள். அவர்கள் வந்து வெகுநாளாயிற்று. கொடி கட்டுவதும், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பதும், வாக்குச்சாவடியில் முகவராக மாலைவரை உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் மட்டும் அவர்கள் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. உலகின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 30 வயதுக்குட்பட்டவர்கள் 3 விழுக்காடுகூட இல்லை.

சட்டத்தின் மீது பழி போடுவது எளிது. சில இடங்களில் நியாயமும்கூட. இந்தியாவில் 1989 முதல் 18 வயதில் வாக்களிக்கலாம். மக்களவைக்குப் போட்டியிட 25 ஆக வேண்டும். பிரிட்டன் இந்த இடைவெளியை 2006இல் நீக்கியது. 2015இல் மாரி பிளாக் 20 வயதில் அங்கே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

ஆனால் சட்டம் வழிவிட்ட பிறகும் நீங்கள் மறிக்கிறீர்களே! நைஜீரியாவில் இளைஞர்கள் இயக்கம் நடத்தி, 2018இல் அதிபர் பதவிக்கான குறைந்தபட்ச வயதை 40இலிருந்து 35 ஆக்க வைத்தார்கள். 2022இல் ஆளுங்கட்சி, அதிபர் வேட்பாளராக விரும்புவோருக்கான விண்ணப்பத்துக்கு வைத்த விலை 10 கோடி நைரா. அதில் பாதியைக் கேட்டாலும் எந்த 35 வயதுக்காரரால் கட்ட முடியும், அப்பா கட்டினாலொழிய?

அப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது: இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் காட்டும் முகங்களில் எத்தனை பேர் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்? அவர்களுக்கும் போட்டியிட உரிமை உண்டு. ஆனால் அவர்களைக் காட்டி, மற்ற இளைஞர்களுக்கும் இடம் கொடுத்துவிட்டதாகக் கணக்குக் காட்டாதீர்கள். இளைஞர் அணியையே நரை தட்டியவர் நடத்தும் கட்சிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அனுபவம் போதாது என்பீர்கள். சிலியின் கேப்ரியல் போரிக் 2011இல் மாணவர் போராட்டத் தலைவர். 2013 தேர்தலில் பெரிய கூட்டணி எதன் தயவும் இல்லாமல் சுயேச்சையாக வென்றார். 2022இல் 36 வயதில் அதிபரானார். இடையில் நாடாளுமன்றத்தில் கழிந்த ஆண்டுகள்தாம் அவருடைய அனுபவம். வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பவர்களிடம் அதைக் கேட்டால் எங்கிருந்து கொண்டு வருவார்கள்? போரிக்கின் ஆட்சி சிறந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். இளைஞர் என்பதால் ஒருவர் நேர்மையாளராகிவிட மாட்டார்; முதியவர்களைப் போலவே அவர்களுக்கும் தோற்கவும் தவறவும் இடம் வேண்டும்.

ஒதுக்கீடு என்ற பெயரில் கட்சி ஒருபோதும் வெல்லாத தொகுதியை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கட்சிக்கு வாக்களித்து, அதன் பட்டியலில் மேலிருந்து வரிசையாக இடங்களை நிரப்பும் பட்டியல் முறை உள்ள நாடுகளில், கடைசி வரிசையில் பெயரைச் சேர்ப்பதும் அதே வேலைதான். இளைஞர் அணித் தலைவரை நியமிக்காமல் அணியினரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். விண்ணப்பக் கட்டணத்தை 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுமையாக நீக்குங்கள். அடுத்த பட்டியலை வெளியிடும்போது, இடம் கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்களின் வயதென்ன, யாரை எதற்காக மறுத்தீர்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். உங்களுக்காக வெயிலில் நின்றவர்களுக்கு அந்தக் காரணத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையாவது உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்