முதல் இழுப்பு எப்போது?

அன்புள்ள மகனுக்கு,

சென்ற முறை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உன் சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக நின்ற அந்த மின்சிகரெட் கருவியை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் கவனித்தாய். "புகை கிடையாதப்பா, இதை இழுத்தால் வேலையில் கவனம் நிற்கிறது" என்றாய். பதினெட்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன் எந்த முகத்தோடு பதில் சொல்வது என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ சொன்னதில் பாதி சரி. புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் எரியும் புகையிலையிலிருந்து வரும் தாரும் பிற நச்சுகளுமே தவிர நிக்கோட்டின் அன்று. ஆனால் மனிதனைத் திரும்பத் திரும்ப அதனிடம் இழுத்துவருவது நிக்கோட்டின்தான்; அது உன் கருவியிலும் இருக்கிறது. அதில் பெரும்பாலும் அமிலம் சேர்த்து உப்பாக்கிய நிக்கோட்டினை ஊற்றுகிறார்கள். தொண்டையில் காரல் குறைவதால், எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரிவதில்லை. என் காலத்தில் இருமலாவது கணக்குக் காட்டியது.

கவனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அசிட்டைல்கோலின் என்ற பொருளை வாங்கிக்கொள்வதற்காக மூளை செல்களில் அமைந்த ஏற்பிகளில், இழுத்த பத்து இருபது நொடிகளுக்குள் நிக்கோட்டின் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. "இது நல்லது, மறுபடியும் செய்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடிக்கடி இப்படி நடக்கும்போது அந்த ஏற்பிகள் மரத்துப்போக, மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், வெறுமையாக நிற்கும் ஏற்பிகள் எரிச்சலாகவும் படபடப்பாகவும் மனம் ஓரிடத்தில் நில்லாமையாகவும் குரல் கொடுக்கின்றன. அடுத்த இழுப்பு அதை அடக்குகிறது. உனக்குக் கிடைப்பதாக நீ நினைக்கும் கவனத்தில் பெரும்பகுதி, முந்தைய இழுப்பு பறித்துக்கொண்டதைத் தவணை முறையில் திருப்பித் தருவதுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு அது சிறிது கூர்மை தருவது உண்மையே; அந்தக் கட்டத்தை நீ தாண்டிவிட்டாய் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உன் வயதை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறேன். திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி, ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அது முடியுமுன் பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றுகிறது. நிக்கோட்டின் அடிமைத்தனம், ஹெராயின், கொக்கெயின் அடிமைத்தனத்தை ஒத்த முறையில் உருவாகிறது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 1988-ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தவன் நான்.

நான் விட்டபோது முதல் மூன்று நாட்கள்தாம் மிகக் கொடுமையாக இருந்தன. கதவைச் சற்று ஓசையோடு சாத்தியதற்காக உன் அம்மாவிடம் கத்தினேன். உடல் ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது, கைதான் அடங்கவில்லை. தொலைபேசி மணி அடித்தால், பெட்டி இல்லாத பைக்குள் அது ஓராண்டு வரை தானாக நுழைந்தது. மூளை மணியோசையையும் சேர்த்துக் கற்றுவைத்திருந்தது. ஆனாலும் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன: விட்டவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வில், அவற்றின் அளவு 6 முதல் 12 வாரங்களில் புகைக்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. வெறும் மனவுறுதியை நம்பி நான் நான்கு முறை தோற்றேன். மருத்துவரிடம் போ; நிக்கோட்டினை மெதுவாகத் தரும் ஒட்டுப்பட்டையும் மெல்லும் பசையும் உண்டு, ஏற்பிகளைப் பாதியளவு தூண்டி ஏக்கத்தைத் தணிக்கும் வரெனிக்கிளின் மாத்திரையும் உண்டு.

அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்க மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை நானும் கேட்கிறேன். எனக்கு அது ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது. காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் நீ முதல் முறை இழுக்கிறாய்? உண்மையான எண்ணை எழுது, கோபிக்க மாட்டேன்.

அப்பா