உம் கொட்டிய சிறுவனுக்கு

அன்புள்ள ரேய்னர் அன்வின் அவர்களுக்கு,

வணக்கம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்து முடித்துவிட்டுக் கடிதம் எழுத உட்காருகிறவர்கள் அதை எழுதிய டோல்கீனுக்குத்தான் எழுதுவார்கள். அவர் இருந்த காலத்தில் உலகமெங்கும் இருந்து எழுதிக் குவித்தார்கள். நானும் அவருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் இந்த நன்றி முதலில் உங்களுக்குச் சேர வேண்டியது என்று தோன்றிவிட்டது. நீங்கள் 2000-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

1936 அக்டோபர் 30. உங்களுக்கு அப்போது வயது பத்து. அப்பா ஸ்டான்லி அன்வின் பதிப்பாளர். குழந்தைகளுக்கான புத்தகத்தைக் குழந்தைதான் சரியாக எடைபோடும் என்று நம்பியவர். 'தி ஹாபிட்' தட்டச்சுப் பிரதியை உங்களிடம் கொடுத்தார். படித்துக் கருத்து எழுதினால் கூலி ஒரு ஷில்லிங். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தச் சின்ன அறிக்கையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுத்துப் பிழைகள் அப்படியே இருக்கின்றன. பொந்துக்குள் சுகமாக வாழ்ந்த பில்போ என்ற ஹாபிட்டை, அந்தக் குட்டி மனிதனை, மந்திரவாதியும் குள்ளர்களும் சம்மதிக்க வைத்தது, டிராகன் செத்தது, பெரிய சண்டை நடந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அவன் வீடு திரும்பினான் என்று எழுதி, ஒரு கோடு கிழித்து, 'பணக்காரனாக!' என்று முடிக்கிறீர்கள். அந்த ஆச்சரியக்குறி எனக்கு அவ்வளவு பிடிக்கும். கதை உள்ளே இறங்கிவிட்ட ஒரு பிள்ளையின் கை போட்ட குறி அது. வரைபடம் இருந்தால் போதும், படங்கள் வேண்டாம் என்கிறீர்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று, பத்து வயதுக்காரருக்கே உரிய பெரிய மனிதத் தோரணையில் தீர்ப்பும் சொல்கிறீர்கள்.

எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு: உம் கொட்டுவது. கதை கேட்கிறவர் 'உம்... உம்...' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் சொல்கிறவரும் நிறுத்திவிடுவார். கேட்கிறவருக்கு வேலை எதுவும் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சொல்லைத்தான் சொல்வேன். டோல்கீனின் கதைக்குப் பதிப்பகத்தின் பக்கமிருந்து விழுந்த முதல் 'உம்' உங்களுடையது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 'ஹாபிட்' 1937 செப்டம்பரில் வெளியானது. அடுத்த மாதமே உங்கள் அப்பா டோல்கீனுக்கு எழுதினார்: அடுத்த ஆண்டு ஹாபிட்களைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று பெரிய கூட்டமே கேட்கப்போகிறது. டோல்கீனின் மனம் அப்போது வேறு இடத்தில் இருந்தது. இளம் வயதிலிருந்தே கட்டிவந்த புராணத்தை, பின்னாளில் 'சில்மரில்லியன்' என்று வந்ததை, கொடுத்துப் பார்த்தார். அது எடுபடவில்லை. சரி, ஹாபிட்தானே வேண்டும் என்று அந்த டிசம்பரில் ஒரு பிறந்தநாள் விருந்தை எழுத ஆரம்பித்தார். 'இன்னும்' என்று வாசகர்கள் கேட்கப்போய்ப் பிறந்ததுதான் நாங்கள் இன்று கொண்டாடுகிற நாவல்.

எழுதி முடிக்க ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். நடுவில் ஒரு உலகப்போர். பல இடங்களில் கதை நின்றுபோனது. நின்ற இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் உம் கொட்டியிருக்கிறார். நண்பரும் எழுத்தாளருமான சி.எஸ். லூயிஸுக்குத் தான் பட்ட கடன் தீராதது என்று டோல்கீனே 1965-ல் எழுதினார். லூயிஸ் தந்தது வெறும் ஊக்கம்தான், ஆனால் இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்ற அவருடைய ஆவல் இல்லையென்றால் இந்த நாவலை முடித்தே இருக்கமாட்டேன் என்கிறார். அப்புறம் மகன் கிறிஸ்டோபர். 1944-ல் அவர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அப்பா அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மே மாதக் கடிதம் ஒன்றில் நிலவைப் பற்றி ஒரு புலம்பல் வருகிறது. கதையின் முக்கியமான நாட்களில் நிலா ஒரு பக்கம் உதித்து, அதே நேரத்தில் இன்னொரு பக்கம் அஸ்தமித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாராம். போர் நடந்துகொண்டிருக்கிறது, கல்லூரி வேலை கழுத்தை நெரிக்கிறது, மனிதர் உட்கார்ந்து நிலவைச் சரிசெய்கிறார். யாரோ ஒருவர் கவனித்துப் படிப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவரால் அந்த வேலையைச் செய்ய முடியுமா? அந்த நம்பிக்கையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மறுபடியும் உங்களிடமே வருகிறேன். 1947-ல் நீங்கள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர். புதிய நாவலின் முதல் பகுதியைப் படித்தீர்கள். இது யாருக்கான புத்தகம் என்று நேர்மையாகவே தெரியவில்லை, கூச்சப்படாமல் கையில் எடுத்தால் பெரியவர்கள் நிறையப் பேர் ரசிப்பார்கள் என்று எழுதினீர்கள். பிடித்த புத்தகத்தின் குழப்பத்தையும் மறைக்காமல் சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். பிறகு பதிப்பக விவகாரங்கள், இழுபறி, மனஸ்தாபம். அதற்குள் நான் போகவில்லை. 1952-ல் நீங்கள் விட்டுப்போன இழையை மறுபடி பிடித்தீர்கள். நேரில் போய்ப் பிரதியை வாங்கிவந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம். வெளிநாட்டில் இருந்த அப்பாவிடம் கேட்டீர்கள். இது ஒரு மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று பதில் வந்தது. நீங்கள் நம்பினீர்கள். ஒரு ஷில்லிங் வாங்கிய பையன் ஆயிரம் பவுண்டைப் பணயம் வைத்த கதை இது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

போருக்குப் பிந்திய காகித விலையை நினைத்து நாவலை மூன்றாகப் பிரித்தீர்கள். 1954 ஜூலையில் முதல் பாகம், நவம்பரில் இரண்டாம் பாகம். மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில்தான் வந்தது. பின்னிணைப்புகளை டோல்கீன் முடித்துக் கொடுக்க அவ்வளவு நாளானது. தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் எறிந்து அழிக்கப் போகிற ஹாபிட் ஃப்ரோடோ, அவன் கூடவே போகிற தோழன் சாம். இரண்டாம் பாகத்தின் கடைசி வரி உங்களுக்குத் தெரியாததல்ல. ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறான், ஆனால் எதிரியின் பிடியில். அதோடு பதினோரு மாதம்! அன்றைய வாசகர்கள் உங்களுக்கு எப்படிப்பட்ட கடிதங்கள் எழுதியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நான் முதன்முதலில் படித்தபோது என்னிடம் இருந்தது யாரோ படித்துவிட்டுக் கொடுத்த இரண்டு பாகங்கள் மட்டும். மூன்றாவது கைக்கு வர மூன்று வாரமானது. ஃப்ரோடோ அந்தக் கோபுரத்தில் கிடக்கிறான் என்ற நினைப்போடுதான் அந்த மூன்று வாரமும் தூங்கி எழுந்தேன். சாம் என்ன செய்வான், மோதிரம் இப்போது அவனிடம் இருக்கிறதே, அதுவும் அவனைக் கெடுத்துவிடுமா என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசினேன். அவர்களில் ஒருவரும் புத்தகத்தைப் படித்ததில்லை.

அதற்குப் பிறகு வாசகர்கள் செய்ததை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். 1956-ல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் இதைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று எழுதினார். வாசகர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1965-ல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் அனுமதியில்லாமல் மலிவுப் பதிப்பு போட்டபோது, டோல்கீன் தனக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களிடம் விஷயத்தைச் சொன்னார். அது பரவி, கடைசியில் அந்தப் பதிப்பகமே இறங்கிவந்து பணம் கொடுத்தது. 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்று சட்டையில் வில்லை குத்திக்கொண்டார்கள், சுவரில் எழுதினார்கள். அங்கே பகலாக இருக்கும்போது இங்கிலாந்தில் நள்ளிரவு என்பதை மறந்து டோல்கீன் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்கள். பாவம், அந்த அன்பிலிருந்து தப்பிக்கவும்தான் 1968-ல் அவர் போர்ன்மவுத்துக்குக் குடிபோனார். அவருடைய அமைதியைக் கெடுத்தவர்களில் நான் இல்லை, அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் எங்கள் கூட்டத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன்.

கடிதங்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கோபமான ஒரு வாசகர், ஃப்ரோடோவுக்கு மரியாதை செய்தது தப்பு, துரோகி என்று மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதினார். எரிமலையின் விளிம்பில் நின்று, மோதிரத்தை நெருப்பில் எறியமாட்டேன், இது என்னுடையது என்று ஃப்ரோடோ சொல்லிவிடுகிறான் அல்லவா, அதற்காக. கற்பனைக் கதையில் வரும் ஒரு குட்டி மனிதனுக்குத் தூக்கு கேட்டுக் கடிதம் எழுதுகிற அளவுக்கு ஒருவர் உள்ளே போயிருக்கிறார்! டோல்கீன் இதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார், சிலவற்றை எழுதியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். 1963-ல் ஒரு வாசகி இதையே கேட்டபோது, அந்த இடத்தில் அந்தச் சுமையைத் தாங்குவது யாராலும் முடியாதது, அது ஃப்ரோடோவின் ஒழுக்கத் தோல்வி ஆகாது என்று பக்கம் பக்கமாக விளக்கினார். நான் துவண்டு கிடந்த ஒரு காலத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தேன். தன்னால் முடிந்தவரை சுமந்தவனைக் கடைசி அடிக்காகக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று யாரோ என்னிடமே சொன்னது போல இருந்தது.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு வயது பத்து. ஆறு மாதமாக இரவில் இந்த நாவலைப் படித்துக்காட்டுகிறேன். ஆங்கிலப் புத்தகம் மடியில் இருக்கும், வாயில் வருவது தமிழ். மோதிரத்தை முன்பு வைத்திருந்து அதனாலேயே சீரழிந்துபோன கோல்லம் அதைக் கொஞ்சும் அந்தச் சொல் வந்த அன்று திணறிப்போனேன். முதலில் 'என் பொக்கிஷமே' என்றேன். நாடக வசனம் போல இருந்தது. அடுத்த பக்கத்தில் தானாகவே 'என் தங்கமே' என்று வந்துவிட்டது. அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவளை நான் கூப்பிடுகிற சொல் அது. மோதிரமும் தங்கம்தான். ஒரே சொல்லில் கொஞ்சலும் உலோகமும் சேர்ந்துவிட்டன. "அப்பா, அதை அவன் நெஜமாவே பாசமா சொல்றானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கதை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் படிக்கட்டு அத்தியாயம் வந்தது. கிரித் உங்கோல் என்ற மலைக்கணவாய் ஏற்றத்தில் ஃப்ரோடோ சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான், சாமும் கண்ணயர்ந்துவிட்டான். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுக் கோல்லம் திரும்பி வருகிறான். இருவரையும் பார்க்கிறான். அவன் கண்ணில் இருந்த வெறி அடங்குகிறது. நடுங்கும் கையை மெல்ல நீட்டி, ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த ஒரு நொடி அவன் வயதாகிப்போன, களைத்துப்போன ஒரு ஹாபிட்டாக மட்டும் இருக்கிறான். சாம் விழித்துக்கொள்கிறான். திருட்டுத்தனமாக என்ன செய்கிறாய் என்று கடுமையாகக் கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான், அந்த நொடி போய்விட்டது.

அதுவரை விடாமல் வந்துகொண்டிருந்த 'உம்' நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். கண் திறந்தே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "சாம் கொஞ்சம் லேட்டா எழுந்திருக்கலாம்ல?" என்றாள்.

ஒரு முரட்டு வார்த்தையால், மயிரிழையில் கோல்லம் மனம் திருந்தாமல் போன அந்த இடம்தான் தன்னை மிகவும் உருக்கிய இடங்களில் ஒன்று என்று டோல்கீன் மகனுக்கு எழுதியிருக்கிறார். என் மகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவளாகவே அந்த இடத்தில் போய் நின்றாள். ஒரு நோட்டில் அவள் தினமும் கதையைப் பற்றி எழுதிவைக்கிறாள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. பிழைகளோடு, ஆச்சரியக்குறிகளோடு. அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவு வந்தது. உங்கள் அறிக்கையை அவளுக்குப் படித்துக்காட்டினேன். ஒரு ஷில்லிங் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். தனக்கும் அப்படி ஒரு வேலை கிடைக்குமா என்றும் கேட்டாள்.

நேற்று இரவு இரண்டாம் பாகம் முடிந்தது. அந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். "அப்புறம்?" என்றாள். நாளைக்கு என்றேன். விளக்கை அணைத்த பிறகும் இருட்டிலிருந்து இன்னொரு தரம் "அப்புறம்?" வந்தது.

மூன்றாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்று இரவு தொடங்குகிறோம். அதில் முதல் பத்து அத்தியாயங்களிலும் ஃப்ரோடோ வரமாட்டான். அது அவளுக்கு இன்னும் தெரியாது.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வாசகன்