விலா எலும்பில் விரிசல் விழ வைத்த கைகளுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டாரத்து உறவுகளுக்கும், எங்கள் செம்பனை ஆலையில் வேலை செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

அப்பா பிழைத்துக்கொண்ட செய்தி இந்நேரம் பட்டணம் முழுக்கப் பரவியிருக்கும். பசாரில் பார்க்கிறவர்கள் எல்லாம் “ஆயுசு கெட்டிம்மா உங்கப்பாவுக்கு” என்கிறார்கள். தோட்டத்து முனீஸ்வரர் கைவிடவில்லை என்கிறார்கள். முனீஸ்வரருக்குப் படையல் போட்டாகிவிட்டது. அது எங்கள் வீட்டுக் கணக்கு. இந்த மடல் ஊர்க் கணக்கு. அன்றைக்கு ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் ஓடி வருவதற்கு வெகு நாளைக்கு முன்பே அவர்களைத் தயார் செய்து வைத்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். இவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர் போட வேண்டாம் என்று அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள். “பேரெல்லாம் போட்டு என்னைக் கேலிக்கு ஆளாக்காதீங்கக்கா” என்றார் ஒரு தம்பி. ஆகவே முறை சொல்லியே எழுதுகிறேன். யார் யாரென்று இந்த ஊருக்குத் தெரியும்.

அப்பா ஆலையில் பழக்குலை தரம் பார்க்கிறவர். லாரி கொட்டிவிட்டுப் போகும் குலைகளைக் கம்பிக் கொக்கியால் புரட்டி, எது பழம், எது காய் என்று பிரிக்கிற வேலை. அன்றைக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் ஏதோ அடைத்தாற்போல் இருந்திருக்கிறது. கேஸ் என்று சுடுதண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி காட்டாமலும் வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மதிய மழை விட்டிருந்த நேரம். குலையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கை கால் இரண்டு இழுப்பு இழுத்தது. வலிப்பு என்று நினைத்த லாரிக்காரர் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் திணித்தார். பிறகு இழுப்பு நின்று, வாய் திறந்து திறந்து மூடி, குறட்டை போல ஒரு சத்தம். “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, தண்ணி கொண்டாங்க!” என்று கூட்டம் கத்தியிருக்கிறது.

அது மூச்சே இல்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு அப்படி வெறுமனே இழுக்கும். அந்தச் சத்தத்தை நம்பி மற்றவர்கள் காத்திருக்கும் நிமிடங்களில்தான் பலர் போய்விடுகிறார்கள். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல என்பதும் எனக்கு இப்போதுதான் விளங்கியது. ரத்தக் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. ஆள் பேசுவார், நடப்பார், கேஸ் என்று சுடுதண்ணீர்கூடக் குடிப்பார். அதே அடைப்பு இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்து, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால் ஆள் விழுவார். விழுந்தவருக்கு அந்த இடத்தில் இருக்கிறவர்களே வைத்தியர்.

ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அக்கா ஓடி வந்து தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். “இது மூச்சு இல்ல. யாரும் தண்ணி குடுக்காதீங்க” என்றார். அடுத்து அவர் செய்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்கவில்லை. “யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க” என்று பொதுவாகக் கத்தவில்லை. விரலை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினார். “நீ அமுக்கு. நீ பெட்டியை எடு. நீ 999 அடி, அடிச்சு ஸ்பீக்கர்ல போடு. நீ கேட்டுக்கு ஓடு.” எல்லோரையும் கூப்பிட்டால் ஒருவரும் அசைய மாட்டார்கள், நம் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே பார்க்கிறோமே.

அமுக்கிய தம்பி ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்கிறவர். தைப்பூசத்துக்கு உறுமி மேளக் குழுவோடு போகிற பையன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, ஒவ்வொன்றும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். பயிற்சியில் பலருக்கு வேகம் தவறியதாம், இவருக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லையாம். கைத் தாளம் கற்ற பிள்ளை. ஆனால் எந்த வாலிபனுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அதே பலம் நிற்காது. அதனால் லேப்பில் வேலை செய்யும் மலாய் அக்காவும், குலைகளை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நிற்கும் வங்காளதேசத் தம்பியும் முறை மாற்றி மாற்றி அமுக்கினார்கள். மூன்று பேருக்கும் தாய்மொழி வேறு வேறு. எண்ணியது மலாயில்.

பெட்டி என்றது, நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை. அது வந்து சேர்வதற்குள் அப்பாவைத் தேங்கிய மழைத்தண்ணீரிலிருந்து காய்ந்த சிமெண்டுத் தரைக்கு இழுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்த கத்தரிக்கோலால் சட்டையை வெட்டினார்கள். நெஞ்சு வியர்வையும் மழையுமாக இருந்தது. ஈரத்தில் ஒட்டுத்தகடு பிடிக்காது. யாரோ கழுத்தில் கிடந்த குட்மார்னிங் துண்டால் துடைத்து, ஒரு தகட்டை வலது காறை எலும்புக்குக் கீழேயும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் ஒட்டினார்கள். துடிப்பைப் பார்த்து முடிவெடுப்பது கருவியின் வேலை. அதிர்ச்சி தேவையில்லாத இதயத்துக்கு அது கொடுக்காது. அந்த ஒன்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். “யாரும் தொடாதீங்க” என்று கிராணி அக்கா இரண்டு மொழியில் கத்த, பொத்தானை அழுத்தினார்கள். அப்பாவை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. எழுந்துவிட்டாரா என்று குனிந்து பார்த்துக்கொண்டிராமல் தம்பி உடனே மறுபடி அமுக்கத் தொடங்கினார். அதுதான் சரி; அதிர்ச்சி கொடுத்த கையோடு அமுக்க வேண்டும். கருவி அடுத்த முறை துடிப்பைப் பார்ப்பதற்குள் அப்பாவின் கை மேலே வந்து தம்பியின் கையைத் தள்ளப் பார்த்ததாம்.

ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். பட்டணத்திலிருந்து எங்கள் ஆலைக்கு வருகிற வழி உங்களுக்கே தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, எல்லாச் செம்மண் பாதையும் ஒரே முகம். ஆனால் சாலை பிரிகிற சிம்பாங்கில் ஆலைக்கு அம்புக்குறி போட்ட பலகை இருந்தது. ஆபீஸ் போன் பக்கத்தில் 999-இல் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று, எந்தச் சாலை, எந்தப் பாலம் தாண்டி, எந்தக் கேட் என்று மலாயில் எழுதி ஒட்டிய அட்டை இருந்தது. ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் நேப்பாளத் தம்பி கேட்டைத் திறந்து, உள்ளே நின்ற லாரிகளை ஓரம் கட்டி, ஒருவரை மோட்டாரில் சிம்பாங்குக்கு அனுப்பிவிட்டார். வண்டி ஒரு இடத்திலும் வழி தடுமாறவில்லை.

கேண்டீன் ஆன்டி இருவர், மூடி வைத்திருந்த கன்வாஸை எடுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். போனைத் தூக்கிய ஒரு கையை ஆன்டி கரண்டியோடு தட்டிவிட்டதாகக் கேள்வி. அப்பாவின் அந்த நிலை இன்று யாருடைய போனிலும் இல்லை. அம்மா இவர்களுக்குத்தான் முதல் நன்றி சொல்லச் சொன்னார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர், ஒரு டிரஸ்ஸர் ஐயாவிடமிருந்து. தோட்டத்துக்குத் தோட்டம் ஆஸ்பத்திரி இருந்த காலத்து மனிதர். ஊரில் எல்லோருக்கும் ஊசி போட்ட கை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பயிற்சிப் பொம்மையைக் காடியின் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வருவார், அதற்கு சீட் பெல்ட் வேறு. கேண்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பொம்மையைக் கிடத்தி, தமிழில் பாதி மலாயில் பாதி. “மனுசன் விழுந்து ஒரு நிமிசம் சும்மா நின்னா, பிழைக்கிற வாய்ப்புல 7லேர்ந்து 10 விழுக்காடு போச்சு. ஆம்புலன்ஸ் எத்தன நிமிசத்துல வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க” என்பாராம். பந்து விளையாடுகிற பையன்களைப் பிடிக்க அவரிடம் ஒரு கதை இருந்தது: 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய ஆட்டத்தில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தது. அங்கேயே நெஞ்சை அமுக்கி, அங்கேயே அதிர்ச்சி கொடுத்தார்கள். சக ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். மறு வருடம் அவர் மறுபடி பந்து ஆடினார். கேண்டீன் ஆன்டி கன்வாஸைத் தேடி ஓடியதற்குக் காரணம் அந்தக் கதைதான்.

ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர்களும் உண்டு. முணுமுணுத்தாலும் வந்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

பெட்டி வாங்க வைத்தவர் கிராணி அக்கா. சில ஆயிரம் வெள்ளி விலை. எத்தனை கூட்டத்தில் கேட்டார், எத்தனை கூட்டத்தில் “அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம்” என்று தள்ளினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லாத இடத்தில் இதை யார் இயக்குவது என்று நிர்வாகம் கேட்டபோது, டிரஸ்ஸர் ஐயா ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னாராம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பழக்கிக் கொடுத்துப் பார்த்தது. இதயம் நடுங்கிக் கண்ணெதிரே விழுந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்கள் 74 விழுக்காடு பிழைத்து வீடு போனார்கள். அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 விழுக்காடு. டாக்டர்கள் கிடையாது, நம் ஜாகா மாதிரி ஆட்கள். கெந்திங் சூதாட்ட விடுதிக்குப் போய் வருகிற யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து “அங்க விழுந்தாத்தான் நல்லது போல” என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். கடைசியில் நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது. கொடுத்தவர்களுக்கும் நன்றி.

வாங்கிய பிறகும் ஒரு சண்டை நடந்தது. களவு போய்விடும், ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைப்போம் என்றார்கள் சிலர். வேறொரு வேலையிடத்தில் இப்படிப் பூட்டி வைத்து, தேவைப்பட்ட நாளில் சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்த கதை அக்காவுக்குத் தெரியும். ஆகவே எடைப்பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில், பூட்டில்லாமல், திறந்தால் அலறுகிற கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்ட வைத்தார். மாதம் ஒருமுறை பச்சை விளக்கு எரிகிறதா, ஒட்டுத்தகட்டின் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து, பக்கத்தில் தொங்கும் காலண்டரில் கையெழுத்துப் போடுவார். அந்தக் காலண்டரை நான் போய்ப் பார்த்தேன். ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. பெயரை எழுதிச் சுவரில் ஒட்டியதோடு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எங்கள் ஆலையில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியிலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், மிசிகள், தள்ளுவண்டி தள்ளிய அண்ணன்கள் அத்தனை பேருக்கும் நன்றி. அடைபட்ட குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது அப்பா இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டுவிட்டது, தும்மினால் உயிர் போகிறது என்பதுதான் முழுநேரப் புலம்பல். உயிர் போகாமல் இருக்கத்தானே விரிந்தது என்று அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரியாக அமுக்கினால் எலும்பு விரிசல் விடுவது சகஜம். வெல்டிங் தம்பி, அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியை இந்த மடலோடு திருப்பி அனுப்புகிறேன்.

அந்தத் தம்பிக்கு அதற்குப் பிறகு சில இரவுகள் தூக்கம் வரவில்லை என்று அவருடைய அம்மா சொன்னார். கையில் அந்த எலும்புச் சத்தம் நிற்கிறதாம். பிழைத்தவருக்கே இப்படி என்றால், அமுக்கியும் பிழைக்காமல் போனவர்களுக்காக அமுக்கியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? டிரஸ்ஸர் ஐயா இதையும் எதிர்பார்த்திருக்கிறார். மறுநாளே ஆலைக்கு வந்து, அன்றைக்குக் கை வைத்த எல்லோரையும் உட்கார வைத்துப் பேச விட்டிருக்கிறார். இது பயிற்சிக் கையேட்டில் கடைசிப் பக்கமாக இருந்தாலும் எனக்கு முதல் பக்கம்.

பயன்படுத்திய ஒட்டுத்தகடு மறுபடி உதவாது. புதிய இணைக்கான செலவை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொண்டது. தகடு வந்து பெட்டிக்குள் போய்விட்டது. மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஆளுக்கொரு பெட்டி வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. திருவிழா நாளில் கோயிலில் சேருகிற கூட்டத்தை நினைத்தால் அங்கேதான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதுவும் தெரியும். பணம் போட நினைப்பவர்கள் கிராணி அக்காவிடம் பேசுங்கள். அவரிடம் கணக்குப் புத்தகம் தயாராக இருக்கிறது.

டிரஸ்ஸர் ஐயா அடுத்து கோயில் மண்டபத்தில் பழக்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். வருகிறவர்கள் பசியாறிவிட்டு, முட்டி போட வசதியான உடுப்போடு வாருங்கள். சேலையில் வந்து அவதிப்பட்ட அக்காமார்கள் சொல்லச் சொன்னார்கள். பொம்மை ஒன்றுதான் இருக்கிறது, முறை வர நேரமாகும். ஈப்போவில் யாரிடமாவது இன்னொரு பொம்மை இரவல் கிடைத்தால் சொல்லுங்கள், போய் எடுத்துவர என் காடி இருக்கிறது.

இப்படிக்கு,
பழக்குலை தரம் பார்க்கிறவரின் மூத்த மகள்,
அம்மா, தம்பி, தங்கையோடு