நீளம் ஒன்றானால் படகும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய மோட்டார் படகு வாங்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 16 அடிப் படகுகள் இரண்டை ஒப்பிட்டு, நீளமும் குதிரைத்திறனும் சமம், ஆகவே விலை குறைந்ததையே வாங்கலாம் என்று முடித்திருந்தார்கள். ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் குனிந்து படகின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். தட்டையான அடி என்றால் முழங்கால் ஆழத் தண்ணீரே போதும். சின்ன இன்ஜினிலேயே எழும்பி ஓடும், நிறுத்தி வைத்தாலும் அதிகம் ஆடாது. ஆனால் காற்று கிளம்பி அலை வந்துவிட்டால் அடி படார் படார் என்று அறையும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு போய்விடும். ஆழமான ‘வி’ வடிவ அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். அதற்குக் கூடுதல் சக்தியும் எரிபொருளும் வேண்டும், நின்றால் பக்கவாட்டில் ஆடும். ஏரியிலும் ஆற்றிலும் ஓட்டப் போகிறவருக்குத் தட்டை அடியே சரி. திறந்த கடலுக்குப் போகிறவர் அதை வாங்கவே கூடாது என்பேன்.

அகலமும் பக்கச்சுவரின் உயரமும் அடுத்து வரும். அரை அடி அகலம் கூடினாலே எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது படகு தாங்குவது தெரியும்.

பழைய படகு என்றால் இன்ஜின் மாட்டும் பின்பலகையை விடக்கூடாது. பலவற்றில் ஃபைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். திருகு போட்ட துளை வழியாக நீர் இறங்கினால், மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று சொல்லும், கெட்ட இடம் ‘பொத்’ என்று அமுங்கும். அப்புறம் இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியை மெல்ல அழுத்துங்கள். பலகை அசைந்தால் அந்தப் படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்ஜினிலும் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போதாது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பெரும்பாலும் அதே சக்தியுள்ள டூ ஸ்ட்ரோக்கை விடக் கனமானது. டூ ஸ்ட்ரோக்குக்காகக் கட்டிய படகில் அதை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து, நீர் வடியும் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே வரலாம். ஷாஃப்ட், அதாவது இன்ஜினிலிருந்து தண்ணீருக்குள் இருக்கும் விசிறிவரை (ப்ரொப்பெல்லர்) இறங்கும் தண்டு, அதன் நீளமும் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 20 அங்குலம் தேவைப்படும் இடத்தில் 15 அங்குலத்தை மாட்டினால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலும்.

இனி இப்படிக் கட்டுரை வெளியிடும்போது அகலம், அடியின் வடிவம், எத்தனை பேரும் எவ்வளவு எடையும் ஏற்றலாம் என்ற விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். வாங்குபவர்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றி, இரண்டு படகுகளையும் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு படகு பழுதுபார்ப்பவர்