குறட்டை நின்றால் நோய் நின்றதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டைக்குப் பல் மருத்துவரிடம், தூக்கத்தில் கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கும் வாய்க்கருவி செய்து போட்டுக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். சொன்னது சரிதான். ஆனால் கருவியை வாயில் போடும் முன் ஒரு தூக்கப் பரிசோதனையும், போட்டுப் பழகிய பிறகு கருவியோடு இன்னொரு பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது குறட்டைச் சத்தத்தை அடக்கும் சாதனம் மட்டுமே. பக்கத்தில் படுப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். நோயாளிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்தடை நோய் அப்படியே தொடரலாம்.

விழித்திருக்கும்போது நாக்கையும் மென்மையான பின் அண்ணத்தையும் தொண்டைச் சுவரில் ஒட்டாமல் பிடித்திருப்பவை தசைகள். தூக்கத்தில் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. வழி குறுகினால் குறட்டை, முழுவதும் மூடினால் மூச்சுத்தடை. அப்போதும் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி எழுப்ப, ஒரு பெருமூச்சோடு வழி திறக்கும். ஓர் இரவில் இது நூறு முறை நடந்தாலும் காலையில் எதுவும் நினைவிருக்காது. எழும்போது தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகுதல், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்று வேறு வழியாகத்தான் அது வெளியே தெரியும்.

காற்று 10 விநாடியாவது நின்றால்தான் ஒரு தடை என்று கணக்கு. முழுத் தடைகளையும், ஆக்சிஜன் இறங்கும் அளவுக்கு மூச்சு சிறுத்த நேரங்களையும் கூட்டி, தூங்கிய மணிக்கணக்கால் வகுப்பார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கைபேசிச் செயலி வரையும் குறட்டைப் படம் இந்த எண்ணைத் தராது. வீட்டிலேயே செய்யும் பரிசோதனையில் மூக்குக் குழாய், மார்புப் பட்டை, விரல் ஆக்சிமீட்டர் இருக்கும். பெரும்பாலான வகைகளில் மூளை அலை பதிவாவதில்லை என்பதால், புரண்டுகொண்டு விழித்திருந்த நேரமும் வகுத்தலில் சேர்ந்து எண் குறைவாகக் காட்டும். அறிகுறிகள் பலமாக இருந்து முடிவு மட்டும் நன்றாக வந்தால், ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பதே சரி.

பல் நாற்காலியில் சில தடயங்கள் கண்ணில் படும்: ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு, ஒடுங்கிய அண்ணம், உள்வாங்கிய கீழ்த்தாடை, பெருத்த டான்சில், இரவில் நறநறவென்று கடித்துத் தேய்ந்த பற்கள். இவற்றைப் பார்த்துப் பல் மருத்துவர் சந்தேகப்படலாம், நோய் என்று தீர்மானிக்க முடியாது. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத இன்னொரு வகை உண்டு. அதற்குத் தாடையை எவ்வளவு முன்னே கொண்டுவந்தாலும் பயனில்லை. எந்த வகை என்பதைத் தூக்க மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரண்டு தட்டுகள். கீழ்த்தாடை பின்னால் போகாதபடி அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தாடை முன்னே வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் வரும். தொண்டையின் பக்கச் சுவர்களும் இழுபட்டு வழி அகலமாகும். தட்டு பிடித்து நிற்க ஒவ்வொரு தாடையிலும் 8 முதல் 10 உறுதியான பற்கள் வேண்டும். ஈறு நோயால் ஆடும் பற்கள் இந்த இழுப்பைத் தாங்காது, முதலில் ஈறைச் சரிசெய்தாக வேண்டும். தாடையை 5 மி.மீ.யாவது முன்னே நீட்ட முடியாதவருக்கும், தாடை மூட்டில் கடும் வலி உள்ளவருக்கும் இது பொருந்தாது. முழுப் பல்செட் அணிபவருக்கு நாக்கை உறிஞ்சிப் பிடிக்கும் வேறு கருவி உண்டு; பழகுவது கடினம்.

தாடை முழுவதும் பின்வாங்கிய நிலையிலிருந்து எட்டும் தூரம் வரை எவ்வளவு நகர்கிறது என்று முதலில் அளப்போம். 10 மி.மீ. நகர்ந்தால் தொடக்கம் 5 அல்லது 6 மி.மீ. எடுத்த எடுப்பில் 9-க்குத் தள்ளினால் மூட்டும் தசையும் வலித்து, ஒரு வாரத்தில் கருவி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். மேலும் கீழும் உள்ள முன்பற்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். வாய் அதிகம் திறந்தால் தாடை கீழிறங்கிப் பின்னோக்கிச் சுழன்று, முன்னே தள்ளியதன் பலனைத் தின்றுவிடும். பிறகு வாரத்துக்கு அரை மி.மீ. அளவில், கருவியின் திருகைத் திருப்பியோ தட்டுகளை இணைக்கும் பட்டையை மாற்றியோ முன்னேற்றுவோம். பல கருவிகளில் ஒரு திருப்பு கால் மி.மீ. வலி வந்தால் ஒரு படி பின்னால். இதற்கே சில மாதங்கள் ஆகும். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் ஆயத்தக் கருவிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தோற்கின்றன. நுணுக்கமாக நகர்த்த வழியிருக்காது, தளர்ந்து இரவில் கழன்றும் விழும்.

குறட்டை நின்று, பகல் தூக்கமும் குறைந்தவுடன் பலர் திரும்பி வருவதில்லை. வர வேண்டிய நேரமே அதுதான். கருவியைப் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எண் இயல்புக்கு வந்திருக்கும், இன்னொருவருக்கு ஓரளவு குறைந்திருக்கும், மூன்றாமவருக்குப் பெரிய மாற்றம் இராது. யார் எந்தப் பக்கம் என்று வாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. மணிக்கு 40 தடைகள் 20 ஆனாலே சத்தம் அடங்கிவிடக்கூடும். 20 என்பது இன்னும் நோய்தான். தீவிர நோய்க்கு முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியே முதல் தேர்வு. 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய அந்த முறையே தடைகளை அதிகம் குறைக்கிறது. முகமூடி ஒத்துவராமல் அதைப் பாதி இரவில் கழற்றி வைப்பவருக்கு, முழு இரவும் வாயில் இருக்கும் கருவி நடைமுறையில் ஈடாகலாம். அதனால் இரண்டையும் எதிரிகளாக்க வேண்டியதில்லை.

முதல் வாரங்களில் எச்சில் ஊறும், அல்லது வாய் வறளும், தானாகச் சரியாகும். காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் சேராது. இரவு முழுவதும் முன்னே நின்ற தசை இன்னும் பழைய நீளத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். காலையில் கடிப்பதற்கென்றே கருவியோடு தரும் கடிதட்டைச் சில நிமிடங்கள் கடித்தால் இடத்துக்கு வரும். மதியம் வரை சேராவிட்டால் காட்ட வேண்டும். பின்னே போகத் துடிக்கும் தாடை, மேல்வரிசை முன்பற்களை உள்ளேயும் கீழ்வரிசை முன்பற்களை வெளியேயும் மெல்லத் தள்ளும் என்பதால் ஆண்டுகள் போகப் போகக் கடி மாறும். இதைத் தொடங்கும் முன்பே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். சொல்லாமல் விடுபவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு.

கருவியை மென்மையான பிரஷ்ஷால் குளிர்ந்த நீரில் கழுவி, உலர்த்திப் பெட்டியில் வைத்தால் போதும். வெந்நீர் அதை நெளித்துவிடும், பற்பசை கீறிவிடும். புதிதாகப் பல் உறை போடுவதாக இருந்தால் கருவியையும் கையோடு கொண்டுவாருங்கள். உறை மாறினால் தட்டு உட்காராது. முதல் ஆண்டில் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் கடியைப் பார்க்க வேண்டும். இடையில் உடல் எடை ஏறினாலோ, பகல் தூக்கம் திரும்பினாலோ, திருகைத் தாமாகத் திருப்பிப் பார்க்காமல் பழைய பரிசோதனை முடிவோடு தூக்க மருத்துவரிடம் போவதே முறை.

இப்படிக்கு,
தூக்க மூச்சுத்தடைக்குச் சிகிச்சை தரும் பல் மருத்துவர்கள்