ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே? சேர்க்கை நோட்டீஸில் ஒரு வரி கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். சில நாள் முன்பு எங்கள் தெருவுக்கு மாணவர் சேர்க்கைப் பேரணி வந்தது. வீட்டு வாசலில் நின்று பேசி, நோட்டீஸும் கொடுத்தார்கள். காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகம், பை, காலணி, திறன்மிகு வகுப்பறை என்று வரிசையாகப் போட்டிருந்தது. எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "சார், அஞ்சாவது முடிச்சா அப்புறம் எங்க சேர்க்கிறது?" தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டு, "அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கேம்மா, இப்பவே என்ன கவலை?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கே அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்பவே என்ன கவலை என்றால், எங்கள் அக்கா மகள் போன ஜூனில் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், ஆங்கில வழிப் பிரிவில் நன்றாகவே படித்தாள். டிசியை வாங்கிக்கொண்டு பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குப் போனால், "எங்க ஸ்கூல்லயே அஞ்சாவது முடிச்ச பிள்ளைங்க அப்படியே ஆறாவதுக்கு வந்துட்டாங்க, ஆங்கில வழியில இடம் இல்ல, தமிழ் வழின்னா சேர்த்துக்கிறோம்" என்று பதில். ஐந்து வருஷம் கணக்கும் அறிவியலும் ஒரு மொழியில் படித்த பிள்ளையைப் பத்து வயதில் வேறு மொழிக்கு மாற்றச் சொல்வது அவர்களுக்கு ஒரு பதிவேட்டு விஷயம், அவ்வளவுதான். கடைசியில் டவுனில் இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழியில் இடம் கிடைத்தது, சேர்த்தார்கள்.

இப்போது அவள் காலை ஏழரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேர்வதற்குள் பிரேயர் முடிந்திருக்கும். ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு வாய் இறங்காது. அம்மா டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாள், பஸ்ஸில் நிற்கவே இடமில்லாத கூட்டத்தில் எங்கே பிரிப்பது, பள்ளியில் எல்லாரும் பார்க்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிடவும் கூச்சம், மூடி திறக்காத டப்பா சாயங்காலம் அப்படியே வீடு திரும்புகிறது. ஏப்ரல் வரைக்கும் பள்ளியிலேயே சூடாகப் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பிள்ளை இவள். 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதே ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை என்றுதான் வைத்தீர்கள், அதன் காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஐந்தாவது முடிந்த அந்த ஒரு கோடை விடுமுறையில் பசியும் விட்டுப்போகும் என்று யார் கணக்குப் போட்டது? இலவசப் பஸ் பாஸ் கையில் இருக்கிறது, நன்றி. சைக்கிள் பதினொன்றாவது வந்ததும் தருவீர்கள், அதற்கும் முன்கூட்டியே நன்றி.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் சேர்த்துத்தான் ஒரே உரிமையாகச் சொல்கிறது. 2011இல் வந்த நம் மாநில விதிகளில் ஐந்தாவது வரைக்கும் ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எட்டு வரை இல்லாத பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கும் உரிமை உண்டு, டிசியை உடனே கொடுக்க வேண்டும், டிசி தாமதம் என்று சேர்க்காமல் இருக்கக் கூடாது, எல்லாம் அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் உரிமை என்று ஒன்று இருப்பதும், "உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி" என்று ஒரு பெயர் சொல்வதும் ஒன்றா? முன்னதைக் கையில் வைத்துக்கொண்டு ஜூன் மாத வெயிலில் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நிற்பது நாங்கள்தானே.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும், முதல் வகுப்புச் சேர்க்கையின்போதே, ஐந்தாவது முடிப்பவர்களுக்கு எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம், எந்த மொழி வழியில் இடம் உறுதி என்று எழுத்தில் கொடுங்கள்.

இது ஏதோ அதிகம் யோசிக்கிற அம்மாக்களின் கவலை என்று தள்ளிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு என்பது எவ்வளவு பெரிய திருப்பம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அரசுதான். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தருகிற மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறிலிருந்துதான் கணக்கு. அந்த ஆறாவதில் இடம் தேடும் அலைச்சலுக்கு அஞ்சி, "ஒரு வருஷம் தானே, தனியாரில் போடுவோம்" என்று கடனை வாங்கிச் சேர்க்கிற குடும்பத்துக்கு, ஏழு வருஷம் கழித்து அந்த ஒரு வருஷம் எப்படித் திருப்பி அடிக்கும் என்று யாராவது சொல்கிறார்களா? கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்பதும் நுழைவு வகுப்பில்தான், ஆறாவதில் அந்தக் கதவும் கிடையாது. பத்து வயதில் எடுக்கிற முடிவை ஐந்து வயதிலேயே யோசிக்க வேண்டியிருப்பது எங்கள் பேராசையால் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் வாசலில் இருக்கிற தொடக்கப் பள்ளியை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நடுநிலைப் பள்ளியில் ஒன்றாவதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எட்டு வரை தொல்லை இல்லை. வசதி இருந்தால் "எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை ஒரே வளாகம்" என்று பேனர் கட்டியிருக்கிற தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பேனர்க்காரருக்குத் தெரிந்தது துறைக்குத் தெரியவில்லையே! தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது, ஆசிரியரை வேறு பள்ளிக்குப் பணிநிரவல் செய்கிறீர்கள், இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போகிறார்கள், அப்புறம் பேரணி, சுவரில் ஓவியம், முதல் நாள் பிள்ளைகளுக்கு மாலை போட்டு வரவேற்பு, செல்ஃபி. பரிசலில் அன்பாகக் கைபிடித்து ஏற்றுகிறீர்கள் ஐயா, அக்கரையில் எந்தத் துறையில் இறக்குவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். எல்லாத் தொடக்கப் பள்ளியையும் தரம் உயர்த்துங்கள் என்று கேட்கவில்லை, அதற்குக் கட்டடம், பட்டதாரி ஆசிரியர் பணியிடம், நிதி எல்லாம் வேண்டும் என்று புரிகிறது. கேட்பது ஒரு பட்டியல். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் ஐந்தாவதில் இருக்கிறார்கள், எந்த வழியில் படிக்கிறார்கள் என்று எமிஸ் என்கிற துறையின் கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் போட்டு நீங்களே வைத்திருக்கிறீர்கள். அதை வைத்து இந்தத் தொடக்கப் பள்ளிக்கு இந்த நடுநிலை அல்லது மேல்நிலைப் பள்ளி என்று இணைத்து, அங்கே ஆறாம் வகுப்பில் அந்த எண்ணிக்கைக்கு இடம் ஒதுக்கி, பஸ் இல்லாத இடத்தில் போக்குவரத்துத் துறையோடு பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, நோட்டீஸில் காலணிக்கும் பைக்கும் கீழே ஒரு வரியாக அச்சடித்துவிட்டால் போதும்.

என் மகனுக்கு இந்த ஜூனில் முதல் வகுப்பு. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அந்தத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க ஆசை, ஆசிரியர்கள் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சேர்க்கை முடிவதற்குள் அந்த ஒரு வரியை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தலைமை ஆசிரியர் கொடுத்த விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் பாக்கி.

இப்படிக்கு,
முதல் வகுப்பில் சேர இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா