பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பாதையில் பழைய ஃபோர் வீல் ஜீப் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன், ஆனாலும் காலைக் குளிரில் செல்ஃப் அடித்தால் அதே முனகல்தான். கடைசியில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வாங்கி நானே பார்த்தேன்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் முனையில் 14.1 வோல்ட், பேட்டரியில் வெறும் 13.3. மீதி 0.8 எங்கே போச்சு? பேட்டரியை வண்டி பாடியோடு இணைக்கும் துருப்பிடித்த எர்த் பட்டையிலும் நைந்துபோன சார்ஜிங் வயரிலும்தான். சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு 13.8 முதல் 14.4 வரை கிடைத்தால்தான் முழுசாக சார்ஜ் ஏறும், இல்லாவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரமே படுத்துவிடும். எர்த் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தடிமனான செம்பு வயர் போட்டதும் பேட்டரியில் 14 காட்டியது. செலவு புது பேட்டரி விலையில் கால்வாசிகூட இல்லை.

ஆல்டர்னேட்டரின் சென்ஸ் வயரில் (எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று அதற்குக் காட்டும் வயர்) டயோடு என்ற சின்ன மின்பாகத்தை மாட்டி அரை வோல்ட் கூட்டுபவர்களும் உண்டு. சரி, செய்யலாம், ஆனால் வயரிங்கைச் சரிபார்த்த பிறகு. அளவு மீறினால் பேட்டரித் தண்ணீர் வற்றிப்போகும். புது பேட்டரியைத் தலையில் கட்டும் முன் ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கக் கூடாதா?

ஒரு வாசகர், கோத்தகிரி